பானை மலையிலிருந்து பார்த்தால்

எங்கள் குப்பத்தில் ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்பினால் எங்கே, எதற்கு என்று கேட்கவே வேண்டாம். தலையில் கூடை இருந்தால் மீன் விற்க. கையில் பை இருந்தால் ரேஷன் கடை. இடுப்பில் குழந்தை இருந்தால் பொன்னேரி ஆஸ்பத்திரி. பூவும் தேங்காயும் இருந்தால் கோயில். எதிர்வீட்டு அக்கா மட்டும் சில நாள் வெறுங்கையோடு கிளம்புவாள்.

"எங்கக்கா?" என்றால், "பாக்க" என்பாள்.

"யாரப் பாக்க?"

"யாரையும் இல்ல. சும்மா பாக்க."

அந்தச் சும்மாதான் எங்கள் ஊருக்குப் புரியவில்லை. புருஷனோடு சண்டையா, மகள் வீட்டில் ஏதாவது பிரச்சினையா, சீட்டு எடுக்கப் போகிறாளா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அவள் பழவேற்காட்டுப் பாலத்துக்குப் போய் நடுப்பாலத்தில் நின்றிருப்பாள். பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரனடித்துக்கொண்டு போகும். அவள் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏரி எங்களுக்குத் தினமும் இருப்பது. அதை நின்று பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

கறுத்து, உயரமாக இருப்பாள். வேகமான நடை. எங்கே போனாலும் அங்கே மேடான இடம் எது என்றுதான் அவள் கண் முதலில் தேடும். கல்யாண வீட்டுக்குப் போனால் மொட்டை மாடி. சந்தைக்குப் போனால் பாலம். கரையில் ஒன்றும் கிடைக்காவிட்டால் கவிழ்த்து வைத்த பைபர் போட்டின் முதுகில் ஏறி நிற்பாள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் இப்படித்தான்.

அவள் வீட்டுக்காரர் நல்ல மனிதர். கோபப்பட மாட்டார், கிண்டல்தான். யாராவது அவளைத் தேடி வந்தால், "கவர்னரம்மா ரவுண்ட்ஸ் போயிருக்காங்க. வந்ததும் மனு குடுங்க" என்பார்.

ஒருமுறை பொன்னேரியில் மீன் விற்றுவிட்டு நானும் அவளும் பஸ்ஸுக்கு நின்றோம். பக்கத்தில் ரயில் சத்தம் கேட்டது. "வா, கும்மிடிப்பூண்டி வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்" என்றாள்.

"அங்க இன்னா வேலக்கா?"

"ஒரு வேலையும் இல்ல. அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு தெரியாது. அதான்."

காலிக் கூடையோடு வாசற்படிப் பக்கம் உட்கார்ந்து போனோம். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, பிளாட்பாரத்தில் ஒரு டீ குடித்து, அடுத்த ரயிலில் திரும்பினோம். வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு வழியெல்லாம் பயம். பஸ் லேட் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "பஸ் மேல எதுக்குப் பழி போடற? ரயில்ல போனோம், பாத்தோம், வந்தோம். திருடவா போனோம்?" என்றாள். வீட்டிலும் அப்படியே சொன்னாள். என் மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பழவேற்காட்டுக்கு வெளியூர்க்காரர்கள் பூநாரை பார்க்க வருவார்கள் இல்லையா, அக்கா வீட்டுக்காரர் அவர்களை போட்டில் கூட்டிப்போய்க் காட்டுவார். ஒருநாள் இவள், "என்னையும் டூரிஸ்ட்டு மாதிரி கூட்டிக்கினு போ. அவங்ககிட்ட சொல்றதெல்லாம் எனக்கும் சொல்லணும்" என்று அடம் பிடித்தாள். என்னையும் ஏற்றிக்கொண்டாள். அவரும் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தார். "இந்தப் பறவை ஆஸ்திரேலியாவிலிருந்து வருது, போன வருசம் வந்த அதே ஜோடிதான் இந்த வருசமும் வருது, என்னைப் பாத்தா அதுங்களுக்கு அடையாளம் தெரியும்."

"நீ ஆஸ்திரேலியா போயிருக்கியா?" என்று கேட்டாள்.

"டூரிஸ்ட்டுக்கு அப்படித்தாம்மே சொல்லணும். அப்பதான் சந்தோசப்படுவாங்க."

"அது நிக்கறதப் பாத்தாலே சந்தோசமாத்தான் இருக்கு. அதுக்கு மேல எதுக்குப் பொய்?"

அவர் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், "இவளை வெச்சிக்கினு தொழில் பண்ண முடியாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா என்றால் இந்த இரண்டும்தான். போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும். நான் சொல்ல வந்த மலை விஷயத்தில் இந்த இரண்டுமே அவளைச் சோதித்தன.

மேற்கே, ஏரிக்கும் அப்பால், ஆந்திரா எல்லைக்குள் மலைகள் இருக்கின்றன. மழை விட்ட நாளில் கரையிலிருந்தே லேசாகத் தெரியும். கடலுக்குப் போகிற ஆம்பளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். கவிழ்த்து வைத்த பானை மாதிரி ஒன்று. அதைப் பானை மலை என்பார்கள். போட் வெளியே போகப் போகக் கரை மறையும், பனைமரம் மறையும், லைட்ஹவுசும் மறையும். கடைசியில் பானை மட்டும் நிற்கும். எவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்டால், "பானை பாதி முழுகற வரைக்கும்" என்பார்கள். அது முழுகிவிட்டது என்று சொன்னால் வீட்டுப் பெண்கள் சாமிக்குக் காசு முடிந்து வைப்பார்கள். அவ்வளவு தூரம்.

லைட்ஹவுசில் ஆட்களை மேலே ஏறவிட்ட ஒரு சாயங்காலம் அக்கா மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டு ஏறினாள். இறங்கி வந்து என்னிடம், "பானை தெரிஞ்சுதுடீ. இவ்ளோ வருசமா நம்ம ஆம்பளைங்க அதைப் பாத்துக்கினே போறாங்க, பாத்துக்கினே வராங்க. அங்க நின்னு ஒருத்தராவது நம்ம கடலைப் பாத்திருக்காங்களா?" என்றாள்.

"பாத்து?"

"பாக்கணும். அவங்க போற எடம் அங்கேருந்து எப்படி இருக்குன்னு."

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் வாயில் வேறு பேச்சே இல்லை. ஒவ்வொரு வீடாகப் போய்ப் பெண்களைச் சேர்த்தாள். ஒரு வேன் நிறையச் சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஊர்த் தலைவரைக் கேட்காமல் முடியாது. ஒரு வேன் பெண்கள் போய்விட்டால் அன்றைக்கு வருகிற மீனை யார் தூக்குவது, யார் விற்பது?

ஏலக் கொட்டகையில் கூட்டம். தலைவர் அக்கா வீட்டுக்காரருக்குத் தம்பி முறை.

"அண்ணி, எந்தக் கோயிலுக்கு?"

"கோயிலுக்கு இல்ல தலைவரே. மலைக்கு."

"மலையில எந்தச் சாமி?"

"சாமிக்குப் போவல. மலையப் பாக்க. மேல ஏறி நம்ம கடல் தெரியுதான்னு பாக்க."

சிரிப்பு எழுந்தது. தலைவர் சிரிக்கவில்லை. நல்லபடியாகத்தான் சொன்னார்: "அந்தப் பக்கந்தானே சுருட்டப்பள்ளி கோயிலு? அங்க போறோம்னு சொல்லுங்க. ஊர்ல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. போற வழியில மலையப் பாத்துக்குங்க."

எங்களுக்கெல்லாம் அது போதும். எல்லம்மா என்று ஒருத்தி, வாய் ஓயாதவள், அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "சரின்னு சொல்லுக்கா, சரின்னு சொல்லு" என்றாள்.

"சாமி பேரைச் சொல்லிட்டுச் சுத்திப் பாக்கப் போறது சாமிக்கும் நல்லதில்ல, நமக்கும் நல்லதில்ல" என்றாள் அக்கா. "மலையப் பாக்கத்தான் போறோம். அதுக்கு விடுங்க."

வாக்குவாதம் நெடுநேரம் நடந்தது. கடைசியில் தலைவர், "சரி. ஒரு தடவ. விளக்கு வெக்கறதுக்கு முன்னாடி அத்தினி பேரும் ஊர்ல இருக்கணும். அப்பால வந்து இங்கயே சொல்லணும், போனதுல இன்னா பிரயோசனம்னு. ஒண்ணும் இல்லன்னா இனிமே இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. யாரும்" என்றார்.

அக்கா ஒத்துக்கொண்டாள். தனக்காக மட்டும் இல்லை, குப்பத்துப் பெண்கள் எல்லோருக்குமாகவும் ஒத்துக்கொண்டாள்.

எந்த நாள், எந்த நேரம் என்று அவளே முடிவு செய்தாள். ஆம்பளைகளிடம் விசாரித்தாள். பானை எப்போது நன்றாகத் தெரியும்? தை மாதத்தில், கச்சான் அடிக்கிற நாளில், விடிந்து கொஞ்ச நேரத்துக்குத்தான் பளிச்சென்று தெரியும், வெயில் ஏறினால் மங்கிவிடும் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மேற்கேயிருந்து வருகிற அந்தக் காற்றுக்குக் காத்திருந்து, கிளம்புகிற நாளைக் குறித்தாள். வெயில் ஏறுவதற்குள் மலைமேல் இருக்க வேண்டும் என்று இருட்டு பிரியும் முன்பே வேனை வரச் சொன்னாள்.

எங்கள் ஏரியில் வலை போட ஆளுக்கு முறை உண்டு. இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். அதைப் பாடு என்பார்கள். பாடு ஆம்பளைகளுக்கு மட்டும்தான், அப்பனுக்குப் பிறகு மகனுக்கு. அக்கா வேனில் ஜன்னலுக்குப் பாடு வைத்தாள். திருப்பாலைவனம் வரை ஒரு கூட்டம், பொன்னேரி வரை ஒரு கூட்டம், அதற்கு அப்புறம் வேறு கூட்டம். இல்லாவிட்டால் எல்லம்மா ஜன்னலை விட்டு எழுந்திருக்க மாட்டாள். "எழுந்துக்கடீ, இது என் பாடு" என்று சொல்லிப் பார்ப்பதற்கே எங்களுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. டிரைவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், எந்தக் கோயில் என்று.

தடா தாண்டி இடது பக்கம் திரும்பியதும் மலை நேரே வந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கரையிலிருந்து ஒன்றாகத் தெரிந்தது கிட்டே போகப் போக இரண்டானது, நாலானது. முன்னால் ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று, பக்கத்தில் நீளமாக ஒன்று. எதுவும் பானையாக இல்லை.

"யக்கா, பானை ஒடைஞ்சிடுச்சு" என்றாள் எல்லம்மா.

அடிவாரத்தில் கேட் போட்டு ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அருவிக்குப் போகிற காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அக்கா தன் சந்தைத் தெலுங்கில், பானை மாதிரி இருக்கிற மலை எது என்று கேட்டாள். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அன்னீ கொண்டலே அம்மா" என்றார். எல்லாமே மலைதானாம்.

நாங்கள் சோர்ந்துவிட்டோம். எந்த மலை என்றே தெரியாமல் எதில் ஏறுவது? அக்கா சோரவில்லை. இடுப்பில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எதுலேருந்து கடல் தெரியுதோ அதான் நம்ம மலை. வாங்க" என்றாள்.

ஓடை வழியாகப் பாறை பாறையாக ஏறினோம். தண்ணீர் எங்களுக்குப் பழக்கம், பாறை பழக்கமில்லை. தவழ்ந்தும் உட்கார்ந்து நகர்ந்தும் போனோம். அருவி விழுகிற குட்டையைப் பார்த்ததும் பெண்கள் நின்றுவிட்டார்கள். உப்பு இல்லாத தண்ணீர், கண்ணாடி மாதிரி. புடவையோடு இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். மேலே வருகிறீர்களா என்று அக்கா கேட்டபோது ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவள் வற்புறுத்தவில்லை. "இதுவும் பாக்கறதுதான். இருங்க" என்றாள். என்னை மட்டும் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"என்னால முடியாதுக்கா."

"நீ பேசாம வருவ. பேசறவளுங்களுக்குத்தான் மூச்சு வாங்கும்."

ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி வழி சொன்னாள். மேலே ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது, அங்கே நின்றால் கடல் தெரியும் என்று தன் மாமியார் சொல்வாளாம். "நீ பாத்ததில்லையா?" என்று அக்கா கேட்டாள். "அங்க புல்லு இல்லையே" என்றாள் அந்தப் பெண்.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. முள் கிழித்தது. முன்னால் அவளுடைய வெடித்த குதிகால்தான் எனக்குத் தெரிந்தது. அது ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பாறைக்கு வந்துவிட்டோம். காற்று முதுகில் அடித்தது. அவள் கிழக்கே திரும்பினாள்.

கீழே கொஞ்ச தூரம் வயல் தெரிந்தது, ஒரு ரோடு தெரிந்தது. அதற்கு அப்பால் எல்லாம் வெள்ளை. கண் கூசியது. சூரியன் நேரே எதிரில் நின்று எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஏரி எது, கடல் எது, வானம் எது என்று ஒன்றும் பிரியவில்லை. அக்கா இரண்டு கையையும் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள். பாறையின் அந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்தாள்.

பிறகு சூரியனை ஒரு தரம் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏமாந்துட்டோம்டீ" என்றாள். "ஆம்பளைங்க கடல்லேருந்து பாக்கறப்போ காலைல சூரியன் அவங்க முதுகுப் பக்கம். அதான் மலை பளிச்சுன்னு தெரியுது. நமக்கு மூஞ்சில அடிக்குது. நாம சாயங்காலம் வந்திருக்கணும்."

"இருந்து பாக்கலாமாக்கா?" நான்தான் கேட்டேன். அவ்வளவு ஏறியபின் எனக்கே மனசு வரவில்லை.

அவள் பாறையில் உட்கார்ந்தாள். இருந்துவிடுவாள் என்றே நினைத்தேன். சூரியன் அந்தப் பக்கம் சாய்கிற வரை இருந்தால் கடல் தெரியும். ஆனால் விளக்கு வைப்பதற்குள் ஊர் போய்ச் சேர முடியாது. கொஞ்ச நேரம் கழித்துப் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கீழ அத்தினி பேரு கீறாங்க. வா, எறங்கலாம்."

குட்டையில் இருந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். வேனில் எல்லம்மா ஆரம்பித்தாள்: "தெரியலன்னு சொன்னா ஆம்பளைங்க சும்மா விடுவாங்களா? தெரிஞ்சுதுன்னு சொல்லிடுவோம். பளபளன்னு இருந்துச்சு, போட்டெல்லாம் எறும்பு மாதிரி இருந்துச்சுன்னு. யாரு போய்ப் பாக்கப் போறாங்க?" எல்லோரும் சரி என்றார்கள். அக்கா மட்டும் திரும்பவில்லை. அவளுடைய பாடு வந்திருந்தது, ஜன்னல் வழியாகப் பின்னால் போகிற மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்வதற்கு முன்பே வந்துவிட்டோம். ஏலக் கொட்டகையில் ஆம்பளைகள் காத்திருந்தார்கள். தலைவர் முதலில் எங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, "இன்னா, கடல் தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுது தலைவரே!" எல்லம்மா முந்திக்கொண்டாள். "அப்படியே வெள்ளித் தட்டு!" மற்றவர்களும் ஆமாம், ஆமாம் என்றார்கள். போட் தெரிந்ததாம். ஒருத்தி தன் மகனுடைய போட்டின் கலரே தெரிந்தது என்றாள்.

"தெரியல" என்றாள் அக்கா.

எல்லம்மா அக்காவின் கையைக் கிள்ளினாள்.

"ஒண்ணும் தெரியல தலைவரே. காலைல போனது தப்பு. என் தப்புதான், நான்தான் நேரம் குறிச்சேன். சூரியன் நம்ம மூஞ்சில அடிக்குது. மத்தியானத்துக்கு அப்பால ஏறினாத்தான் தெரியும். அப்போ ராத்திரி அங்க தங்கிட்டுத்தான் வரணும். அதுக்கு விடுங்க."

"தங்கறதா?" ஒரு கிழவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். பின்னால் பசங்கள் விசிலடித்தார்கள். அக்கா வீட்டுக்காரர் குனிந்து பீடியைத் தேடினார். ஒரு பகல் போனதற்கே இவ்வளவு. இவள் ராத்திரி தங்கக் கேட்கிறாள். எல்லாம் முடிந்தது என்று எனக்கு அழுகை வந்தது. இவள் ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் அடுத்த வருஷம் இன்னொரு மலைக்காவது போயிருக்கலாம்.

தலைவர் கையைக் காட்டிச் சத்தத்தை அடக்கினார். அவர் கெட்டிக்காரர். "இருங்கப்பா. அண்ணி கேக்கறதுல ஞாயம் இருக்கு. பாக்காதவங்க பாக்கணும்னு கேக்கலாம். பாத்துட்டவங்களுக்கு மறுபடியும் எதுக்கு? சரி, யாருக்குக் கடல் தெரியலையோ அவங்க மட்டும் போவலாம். அண்ணி ஒருத்தரு. ஒருத்தருக்கு வேன் வெச்சிக்கினு போவறதுன்னாலும் போவட்டும்." சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். "வேற யாருக்காவது தெரியலையா?"

நான் கூட்டத்தில் அதுவரை வாய் திறந்தவள் இல்லை. என் புருஷன் எதிரில் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் தெரியல" என்றேன்.

"நீயும் மேல ஏறினியாம்மா?"

"ஏறினேன். வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"சரி, ரெண்டு பேரு" என்றார் தலைவர்.

பிறகு பின்னாலிருந்து, மகனுடைய போட்டைக் கலரோடு பார்த்தவள் எழுந்தாள். "தலைவரே, யோசிச்சுப் பாத்தா… அது போட்டு மாதிரி இல்ல."

"எனக்கும் சரியாத் தெரியல" என்றாள் இன்னொருத்தி.

"நான் குட்டையிலயே ஒக்காந்துட்டேன், எனக்கு எப்படித் தெரியும்?"

கொட்டகையே சிரித்தது. ஆம்பளைகள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து தெரியல, தெரியல என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். தலைவர் முதலில் விரலை மடக்கி எண்ணினார், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார். கடைசியில் எல்லம்மா மட்டும்தான் மிச்சம். அவளை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"வெள்ளித் தட்டு இன்னாச்சு?" என்று கேட்டார் தலைவர்.

"அது… வேன்ல தூங்கறப்போ கண்ட கனவு போல தலைவரே" என்றாள் எல்லம்மா.

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லோர் முன்னாலும் சொன்ன சொல். இனி மாற்ற முடியாது. அக்கா சிரிக்கவில்லை. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள், சத்தம் அடங்குகிற வரை பொறுத்திருந்து கேட்டாள்:

"அப்போ மாசி கச்சானுக்கு வண்டி சொல்லிடறேன் தலைவரே. உங்க ஊட்டுலயும் கேளுங்க. ஜன்னல் பாடு ஒண்ணு பாக்கி கீது."